மூன்று மணி நேரப் பள்ளியும் நான்கு வருடப் பள்ளியும்

ஒரு பிள்ளை எவ்வளவு படிக்கலாம் என்று அரசாங்கம் அளந்து கொடுக்கப் பார்த்ததை இரண்டு தேசங்களில் நான் கண்டிருக்கிறேன். முதல் தடவை நான் மாணவன். வருடம் 1953, ஊர், பழைய சேலம் ஜில்லாவில் ஒரு நெசவுக் கிராமம். இரண்டாம் தடவை நான் வாத்தியார். வருடம் 1974, ஊர், எத்தியோப்பியாவில் வொல்லோ மாகாணத்தின் தலைநகரான டெஸ்ஸி. இரண்டு இடத்திலும் திட்டம் போட்டவர்கள் நன்றாகப் படித்தவர்கள். இரண்டு இடத்திலும் ஜனங்கள் அந்த அளவை ஏற்க மறுத்தார்கள், திட்டம் போட்டவர்கள் பதவியை விட்டுப் போனார்கள். அன்று ஜனங்கள் உடைத்தெறிந்த அந்த அளவுகோல் இன்று இரண்டு தேசத்துக்கும் திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை ஆணை போட்டவர் யாருமில்லை. அதனால்தான் எதிர்ப்பவரும் இல்லை.

1953 ஜூனில், சென்னை ராஜ்யத்தின் முதல்வராக இருந்த ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்குப் புது ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் இரண்டு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் நாளைக்கு மூன்று மணி நேரம் பாடம். மிச்சப் பொழுதில் வீட்டுத் தொழிலைப் பழக வேண்டும். புதுக் கட்டடத்துக்கும் புது வாத்தியாருக்கும் காசில்லாத காலம். இருக்கிற வாத்தியாரை வைத்தே இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. நகரத்துப் பள்ளிகளுக்கு இந்த ஏற்பாடு கிடையாது.

எங்கள் வீட்டில் தறிக்குழிக்குள் காலை விட்டு அப்பா உட்கார்ந்திருப்பார். அம்மாவும் நானும் இராட்டையில் தார் சுற்றுவோம். நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியாத முடிச்சாகப் போட வேண்டும். முடிச்சு பெருத்தால் சேலையில் தெரியும், கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அந்த வேலையை நான் வெறுத்ததில்லை. எட்டு வயதிலேயே எனக்கு அது கைவந்திருந்தது. பள்ளிக்கூடம் சொல்லித்தான் நான் அதைக் கற்க வேண்டும் என்கிற நிலைமை எங்கள் தெருவில் எந்தப் பையனுக்கும் இல்லை.

கணக்குப்பிள்ளை வீட்டுப் பையனும் என் பிரிவில்தான் இருந்தான். அவனுக்கும் மூன்று மணி நேரம்தான் பாடம். கைத்தொழில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஊரில் வேறு தொழிலாளிகளிடம் போய்ப் பழக வேண்டும் என்று பேச்சு இருந்தது. எங்கள் ஊரில் யாரும் போகவில்லை. மத்தியானம் அவனும் தன் அப்பாவின் தொழிலைத்தான் பழகினான். அந்தத் தொழில் எழுத்தும் கணக்கும். நான் தார் சுற்றிய நேரத்தில் அவன் அடங்கல் நோட்டில் கூட்டல் போட்டான். திட்டம் எங்கள் இருவரையும் சமமாகத்தான் நடத்தியது. அந்தச் சமம் அவனுக்கு ஆறு மணி நேரப் படிப்பையும் எனக்கு மூன்று மணி நேரப் படிப்பையும் கொடுத்தது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிடர் கழகத்தாரும் தி.மு.க.வினரும் ஊர் ஊராகப் பேசியதன் பொருள் எங்களுக்கு இதைப் பார்த்தே விளங்கிவிட்டது.

அப்பா கூட்டங்களில் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு நாள் வாத்தியாரிடம் சொன்னார்: “குழியில எறங்கறதுக்கு எவங்கிட்டயும் உத்தரவு கேக்க வேண்டியதில்லீங்க. மேல ஏறத்தானுங்க பள்ளிக்கூடம்.” 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் மதிய உணவு வந்தது. நான் முழு நேரம் படித்தேன், பட்டம் வாங்கினேன், பி.டி. முடித்தேன். அன்றைக்கு எத்தியோப்பிய அரசாங்கம் தன் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர்களை நிறைய எடுத்துக்கொண்டிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் கணக்கு வாத்தியாராக டெஸ்ஸிக்குப் போனேன்.

சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலையூர் அது. மத்தியானத்திலும் குளிரும். அந்த நாட்டுக் கடிகாரம் விடியலில் தொடங்குவதால் நம் காலை எட்டு மணி அவர்களுக்கு இரண்டு மணி. காலையில் முதலில் வாசலுக்கு வருகிறவர்கள் தேவாலயப் பள்ளிப் பிள்ளைகள். ஆட்டுத்தோலைத் தோளில் போர்த்திக்கொண்டு, நாயை விரட்ட ஒரு கோலுடன், உணவு யாசித்து வருவார்கள். வீட்டை விட்டு, குருவைத் தேடி ஊர் ஊராகப் போய், வாசிப்பு, இசை, நம் சிலேடை போன்ற இரட்டைப் பொருள் கவிதை, வேத விளக்கம் என்று ஒவ்வொரு படியாக வருடக்கணக்கில் கற்பார்கள். இன்னொரு தெருவில் முஸ்லிம் பிள்ளைகள் மரப்பலகையில் மையால் குர்ஆன் வசனம் எழுதி, மனப்பாடமானதும் கழுவிவிட்டு அடுத்ததை எழுதுவார்கள். அம்ஹாரிக் எழுத்துகள் 33, ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம், ஆக 231. அதைச் சின்னப் பிள்ளைகள் வரிசை வரிசையாக ராகம் போட்டுச் சொல்வதைக் கேட்டபோது, க கா கி கீ என்று என் தாத்தாவின் திண்ணைப் பள்ளியில் கேட்ட அதே ஓசை. பழைய மரபை இருட்டு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. யாசித்துச் சாப்பிட்டாவது ஏழைப் பையன் அங்கே படிக்க முடிந்தது. பெண்பிள்ளைகள்தான் அந்த வரிசைகளில் அநேகமாக இல்லை.

நவீனக் கல்வியை அந்த நாட்டுக்குப் பெருமளவில் கொண்டுவந்தவர் பேரரசர் ஹைலே செலாஸி. கல்வித் துறையை வெகுகாலம் தன் கையிலேயே வைத்திருந்தார். 1961இல் அடிஸ் அபாபாவில் பல்கலைக்கழகத்துக்காகத் தன் அரண்மனையையே கொடுத்தார். அந்த அரண்மனையில் படித்த பிள்ளைகள்தான் 1965இல் ‘உழுபவனுக்கே நிலம்’ என்று கோஷமிட்டு ஊர்வலம் போனார்கள். பள்ளிக்கூடம் திறக்கிறவர், உள்ளே வருகிற பிள்ளை எந்தக் கேள்வியோடு வெளியே போக வேண்டும் என்று தீர்மானிக்க முடியாது. கல்வியின் பெருமையே அதுதான் என்று நான் நம்புகிறேன்.

1973இல் வொல்லோவில் பஞ்சம். எலும்பும் தோலுமாக ஜனங்கள் நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். டெஸ்ஸி சந்தையில் தானியம் இருந்தது. வாங்கத்தான் அவர்களிடம் காசில்லை. தானியம் டெஸ்ஸியிலிருந்து வெளியூர்களுக்குப் போனதையும் விலை பெரிதாக ஏறாததையும் பின்னால் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் எழுதிய புத்தகத்தில் விரிவாக ஆராய்ந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கு வருகிற வழியிலேயே பார்த்தார்கள்.

இந்த நேரத்தில்தான், 1974 பிப்ரவரியில், கல்வித் துறை மறுஆய்வுத் திட்டம் வெளியே தெரிந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வருட அடிப்படைக் கல்வி. அதற்குமேல் போகிற வாசல் குறுகியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இருந்த நாட்டில், குறைந்த செலவில் எல்லோருக்கும் நான்கு வருடமாவது கொடுக்கலாமே என்பது அவர்கள் கணக்கு. சென்னை ராஜ்யத்துக் கணக்கை எனக்கு யாரோ அம்ஹாரிக்கில் வாசித்துக் காட்டுவது போல இருந்தது.

என் மாணவன் ஒருவனுடைய தகப்பனார் நெசவாளி. அந்த நாட்டில் நெசவாளியையும் கொல்லனையும் குயவரையும் தாழ்வாகத்தான் பார்ப்பார்கள். அவர் வீட்டுக்குப் போனபோது நான் கண்டது தறிக்குழி. மண்ணில் வெட்டிய பள்ளம், விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டு மிதிக்கிற அதே தறி. வெள்ளைப் பருத்திச் சால்வைக்குக் கரை போட்டுக்கொண்டிருந்தார். நானும் நெசவாளி வீட்டுப் பிள்ளை என்று பையன் சொன்னதும் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி காப்பிக்கொட்டை வறுத்து, அந்தப் புகையை எங்கள் பக்கம் கையால் தள்ளிவிட்டார். புதுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டேன். பையன் மொழிபெயர்த்தான்: “நாலு வருஷத்துக்கு அப்புறம் இவன் எங்க போவான்? என் குழிக்குப் பக்கத்துல இன்னொரு குழி வெட்டச் சொல்றாங்க.” என் அப்பாவின் பேச்சு, கடல் தாண்டி இருபது வருடம் கழித்து.

பிப்ரவரி 18 அன்று ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெட்ரோல் விலையை எதிர்த்து டாக்ஸிக்காரர்களும் சேர்ந்தார்கள். ராணுவத்தில் ஏற்கெனவே புகைச்சல். அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. மாதம் முடிவதற்குள் மந்திரிசபையே விலகியது. செப்டம்பர் 12 அன்று ராணுவத்தார் பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கி ஒரு ஃபோக்ஸ்வேகன் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பஞ்சம், நிலம், ராணுவத்தின் மனக்குறை என்று பல காரணங்கள் சேர்ந்த புரட்சி அது. ஆனால் ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஒரே பக்கம் நிறுத்தியது அந்த நான்கு வருடக் கணக்கு.

அதன் பிறகு வந்த ராணுவ அரசு, மாணவர்கள் கேட்டதையே கையில் எடுத்தது. உயர்வகுப்புகளையும் பல்கலைக்கழகத்தையும் மூடி, சுமார் 60,000 மாணவர்களையும் ஆசிரியர்களையும் கிராமங்களுக்கு அனுப்பியது. 1975 மார்ச்சில் நிலச் சீர்திருத்தம் வந்தது. நெசவாளி மகனும் போனான். குடிசைகளில் உட்கார்ந்து பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். திரும்பி வந்த பிள்ளைகள் ராணுவத்திடமும் கேள்வி கேட்டார்கள். 1977, 78இல், எதிர்த்தவர்களை அரசு கொன்றொழித்த சிவப்புப் பயங்கரம். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் வராது. ஏன் வரவில்லை என்று வாத்தியார் கேட்கவும் முடியாது. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த பள்ளிகள், கேட்ட பிள்ளைகளைப் பறிகொடுத்தன. அந்த ஆட்சிதான் 1979இல் எழுத்தறிவு இயக்கம் தொடங்கி, மறு வருடம் யுனெஸ்கோ பரிசும் வாங்கியது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

நெசவாளி மகன் உயிரோடு மீண்டு ஆசிரியராகி, ஓய்வும் பெற்று, இப்போது அடிஸ் அபாபாவில் மகனோடு இருக்கிறான். வாட்ஸப்பில் பேசுவோம். ராணுவ ஆட்சி விழுந்த 1991க்குப் பிறகு வந்த மாற்றங்களை அவன்தான் எனக்குச் சொன்னான். அம்ஹாரிக் ஒன்றுதான் என்றிருந்த ஆரம்பக் கல்வி, 1994 கொள்கைக்குப் பின் தாய்மொழிகளுக்குத் திறந்தது. எங்கள் காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்த பல்கலைக்கழகங்கள் இன்று அரசினுடையவை மட்டுமே 40க்கு மேல். ஆனால் 2023 ஜனவரியில் வெளியான பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவில், எழுதிய சுமார் 9 லட்சம் பேரில் பாதி மதிப்பெண் எடுத்தவர்கள் 3.3 சதவீதம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒருவர்கூடத் தேறவில்லை. “எங்க பேத்தி தனியார் பள்ளியில படிக்கிறா சார். பென்ஷன்ல பாதி அதுக்குத்தான். கிராமத்துல என் தம்பி பேரனுக்கு அந்த வழி இல்ல” என்றான்.

என் ஊரும் வேறு மாதிரி இல்லை. நான் படித்த பள்ளி இன்று ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஓட்டுக் கொட்டகை போய்க் கான்கிரீட் கட்டடம் வந்துவிட்டது. மதிய உணவோடு, 2023 முதல் காலைச் சிற்றுண்டியும் உண்டு. ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல். புத்தகம், சீருடை, செருப்பு எல்லாம் இலவசம். ஆசிரியைகள் பயிற்சி பெற்றவர்கள். 1956இல் வந்த மதிய உணவையும், மூன்று மணி நேரத்துக்கு மேல் கேட்டுப் போராடி வாங்கிய வகுப்பறையையும் தவிர, எங்களுக்கு இதில் எதுவும் இருந்ததில்லை. அந்த வகுப்பறையில் இன்று பாதி பெஞ்சு காலி. காலை ஏழரைக்கே மஞ்சள் வேன் வந்து, அந்தப் பள்ளி வாசல் வழியாகவே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிறது. விசைத்தறிக் கூலிக்காரரும் நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டுகிறார். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலம் வராவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற அவர்களின் பயம் நியாயமானது. மேலே ஏறத்தான் பள்ளிக்கூடம் என்று என் அப்பா சொன்னதையே அவர்களும் நம்புகிறார்கள். ஏணிக்குக் கட்டணம் வைத்துவிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மிச்சமிருக்கிற பிள்ளைகள் யார்? ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள். அப்பனின் தொழிலை வைத்துப் பிள்ளையின் படிப்பை அளந்தது 1953. அப்பனின் வருமானத்தை வைத்து அளக்கிறது இன்று. இரண்டு வகைப் பள்ளிகளிடையே எவ்வளவு இடைவெளி என்பது அரசுக்கும் தெரியும். அதனால்தான் 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுக்க வேண்டியிருந்தது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பன்னிரண்டு வருடம் இரண்டு வரிசையில் நிறுத்திவிட்டுக் கடைசி வாசலில் கைகொடுப்பது போதாது.

அரசு அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு நாடியைச் சரியாகப் பிடித்தது. கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் உட்கார்ந்திருக்கிற வகுப்பில்தான் கூரை ஒழுகினால் உடனே ஓடு மாற்றுவார்கள். வசதியுள்ளவன் வெளியேறிய பள்ளிக்காகக் கேள்வி கேட்க ஆள் குறைந்துபோகிறது.

கேட்கிற வழி இன்னும் மூடவில்லை. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு உண்டு; அதில் பெரும்பான்மை பெற்றோர். எத்தனை வாத்தியார் பணியிடம் காலி, ஆங்கிலம் பேசக் கற்பிக்க என்ன ஏற்பாடு, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று அங்கே கேட்கலாம், தீர்மானம் போடலாம். அரசுப் பள்ளியில் படித்து மேலே வந்த என் தலைமுறையினர் அனைவருக்கும் இதைச் சொல்கிறேன்: நீங்கள் படித்த பள்ளியின் அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். முன்னாள் மாணவர் என்று சொல்லிப் போய் உட்காருங்கள். 1954இலும் 1974இலும் ஜனங்கள் வாங்கிக் கொடுத்ததைக் காப்பாற்ற முதல் வேலை இதுதான்.