கூரைமேல் 22 கல்

காற்றைப் பற்றி நான் சொன்ன ஆருடம் ஒன்றுகூடப் பலித்ததில்லை. பீர்மேட்டில் எங்கள் தோட்ட லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை, வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. "புயலுக்குச் சோறே கடல்தான். தரைக்கு வந்தா பட்டினி. நடுவுல மலை வேற நிக்குது, இங்க எங்க வரப்போகுது?" என்று டீக்கடையில் வகுப்பெடுத்தேன். பாதி சரிதான். சூடான கடலிலிருந்து எழும் ஆவி, மேலே போய்க் குளிர்ந்து நீராகும்போது விடுகிற வெப்பம்தான் புயலுக்குத் தீனி. தரையில் அந்த வரத்து நின்றுபோகும். ஆனால் மெலிந்த கஜா அன்று மாலைக்குள் மலை தாண்டிக் கேரளத்துக்குள் வந்துவிட்டது. வாசலில் நான் மூடாமல் விட்ட விறகு மொத்தமும் ஈரம். ஒரு வாரம் புகையில் இருமிக்கொண்டே சமைத்தாள் மனைவி. என்னைப் பார்த்தால் இருமல் கூடியது.

அந்த ரோஷத்தில்தான் 2020 டிசம்பரில் புரெவிப் புயலுக்குத் தயாரானேன். மாலத்தீவு வைத்த பெயர். 2ஆம் தேதி இரவு திருகோணமலைப் பக்கம் கரையேறிவிட்டு நம் பக்கம் திரும்பியது. 4ஆம் தேதி எங்கள் இடுக்கி மாவட்டத்துக்கும் விடுமுறை. நான் கூரைத் தகரத்தின்மேல் 22 கல் ஏற்றினேன்.

"கல்லு எதுக்குப்பா? சட்டத்தைச் சுவத்தோட கம்பி போட்டுக் கட்டு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

"இது சயின்ஸ், அத்தை."

புரெவி மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் கிடந்து கரைந்தது. மெழுகுவத்தியும் நானும் விடிய விடிய விழித்திருந்ததுதான் மிச்சம். கல்லை இறக்கச் சோம்பல்.

அடுத்த ஆடியில் வந்தது பெயரே இல்லாத மேற்குக் காற்று. தகரத்தைக் காற்று மேலிருந்து அமுக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்! கூரைமேல் விரைந்து ஓடும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது. கதவிடுக்கில் நுழைந்தது உள்ளிருந்து முட்டுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. தகரம் எழும்பியது, கற்கள் உருண்டன. ஒன்று எங்கள் தண்ணீர் டிரம்மை உடைத்தது. இன்னொன்று அத்தையின் கோழிக்கூட்டில் விழுந்தது. கோழி பிழைத்தது, இரண்டு நாள் முட்டையிடவில்லை.

மழை விட்டதும் அத்தை கம்பிச் சுருளோடு வந்தார். "சயின்ஸு முடிஞ்சிருச்சாப்பா?" அவர் மகன் மேலே ஏறினான். எனக்குக் கிடைத்த வேலை, ஏணியைப் பிடித்துக்கொள்வது. அதையும் இரண்டு தடவை ஆட்டிவிட்டேன்.