தாளாளர் அவர்கள் சமூகத்துக்கு ஒரு புளியமரத்தடி மனு

அனுப்புநர்:
மனு எழுதுபவர் (முதலாமாண்டு மாணவி ஒருத்தியின் அப்பாவும்கூட),
வட்டாட்சியர் அலுவலக வாசல், புளியமரத்தடி.

பெறுநர்:
உயர்திரு தாளாளர் அவர்கள்,
பெயர் வேண்டாம், நான்கு வழிச்சாலையில் எந்தப் பக்கம் போனாலும் வருகிற ஒரு பொறியியல் கல்லூரி.

பொருள்: முதலாமாண்டு மாணவர் அறிமுக விழா – மூன்று வாரம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது – மீதியைக் கேட்டு மனு அளித்தல் – தொடர்பாக.

பார்வை:
1. தங்கள் பொன்னெழுத்து அழைப்பிதழ்.
2. ஏஐசிடிஇ 2017இல் வெளியிட்ட மாணவர் அறிமுகத் திட்ட வழிகாட்டி.
3. விழா முடிந்த மறுவாரம் என் மகள் கேட்ட கேள்வி.

ஐயா,

இருபத்தாறு வருடமாக இந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று ஊரார் குறையெல்லாம் என் பேனா வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. சொந்தக் குறைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. இடையில் எங்காவது ‘தாழ்மையுடன்’ என்று வந்துவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கைப்பழக்கம்.

எங்கள் தொழிலில் ஒரு மரபு உண்டு: குறை சொல்லும் மனுவிலும் முதல் பத்தி நன்றியாக இருக்க வேண்டும். ஆகவே நன்றி. சரியாக 9.30க்கு விழா என்று போட்டிருந்தீர்கள். நாங்கள் முதல் பஸ் பிடித்து 8.45க்கே வந்துவிட்டோம். சிறப்பு விருந்தினர் 11.40க்கு வந்தார். இடைப்பட்ட நேரத்தில் எங்களுக்குப் பொழுது போகட்டும் என்று கல்லூரியை டிரோனில் எடுத்த படத்தை நான்கு முறை போட்டீர்கள். தங்கள் கட்டடங்களின் மொட்டை மாடி எனக்கு இப்போது மனப்பாடம். தண்ணீர்த் தொட்டி மொத்தம் ஏழு. ஆய்வகம் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. என் மகள் கல்லூரிக்குப் பறந்து வரப்போவதில்லை, நடந்துதான் வருவாள் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பிறகு குத்துவிளக்கு ஏற்றினீர்கள். ஏசி காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினீர்கள். பொன்னாடை பதினான்கு. அவற்றில் மூன்று, போர்த்தியவருக்கே திரும்பப் போர்த்தப்பட்டன. அப்துல் கலாமின் பெயர் பதினோரு முறை வந்தது. எந்தெந்த கம்பெனி எத்தனை லட்சம் சம்பளம் கொடுக்கிறது என்று திரையில் காட்டியபோது பெற்றோர் பக்கம் பெருத்த கைதட்டல். நானும் தட்டினேன், பொய் சொல்லக்கூடாது.

தன்னம்பிக்கைப் பேச்சாளர் கழுகுக் கதை சொன்னார். வயதான கழுகு மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு வளர்த்துக்கொண்டு இன்னும் முப்பது வருடம் வாழுமாம். “அப்பா, அலகு உடைஞ்சா கழுகு பட்டினியில செத்துப்போகும்ப்பா” என்று என் மகள் காதோடு சொன்னாள். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள். பொறியியலுக்குள் நுழைந்த முதல் நாளே, படித்ததை மறந்துவிட்டுக் கைதட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். அதற்கும் நன்றி.

நிறைவாக ஒழுக்க விதிகள். கிழக்குப் படிக்கட்டு மாணவர்களுக்கு, மேற்குப் படிக்கட்டு மாணவிகளுக்கு. தலைமுடி, துப்பட்டா, செல்போன் ஒவ்வொன்றுக்கும் அபராதம் எவ்வளவு என்று காசு சுத்தமாகச் சொன்னீர்கள். கடைசியில் ஆளுக்கொரு பை: தங்கள் படம் போட்ட நோட்டு, தங்கள் பெயர் போட்ட பேனா, ஒரு சமோசா, ஒரு மைசூர்பாகு. நன்றியுரை. தேசிய கீதம். நானூறு பிள்ளைகளில் ஒருவரையாவது “உன் பேர் என்னம்மா?” என்று மேடையிலிருந்து யாரும் கேட்கவில்லை. விழாவின் பெயர் அறிமுக விழா. யாருக்கு யார் அறிமுகம் என்பதை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இனி குறைக்கு வருகிறேன்.

அரசாணையைப் படித்துச் சொல்வது என் பிழைப்பு. ஆகவே பார்வை 2இல் கண்ட வழிகாட்டியை மகளின் செல்போனில் வைத்து முழுவதும் படித்தேன். வகுப்பு தொடங்கும் முன் மூன்று வாரம் புது மாணவர்களுக்கு என்றே ஒதுக்கச் சொல்கிறது. காலையில் விளையாட்டு, பிறகு ஓவியமோ இசையோ ஒரு கலை, வெளியே கூட்டிப்போய் ஊரைக் காட்டுவது, துறையைக் காட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது பேரை ஒரு குழுவாக்கி அவர்களுடன் உட்கார்ந்து பேச ஓர் ஆசிரியர். புது இடத்தில் பிள்ளைக்குக் கூச்சம் போக வேண்டும், ஆசிரியரிடமும் சக மாணவர்களிடமும் பழக்கம் வர வேண்டும் என்பதுதான் நோக்கமாம். 2019இல் யுஜிசியும் இதே வேலைக்கு ‘தீக்ஷாரம்ப்’ என்று பெயர் வைத்துக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் அனுப்பியது. ஆக, தாள் பஞ்சம் இல்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனையும் பார்த்தேன். முதல் செமஸ்டர் பட்டியலிலேயே ‘இண்டக்‌ஷன் புரோகிராம்’ இருக்கிறது. அதற்கு நேரே கிரெடிட்: 0. அந்தப் பூஜ்யத்தைத் தாங்கள் ஓர் எழுத்து பிசகாமல் நடைமுறைப்படுத்தியிருப்பதைப் பாராட்டுகிறேன்.

மறுவாரம் ஒரு ராத்திரி. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “அப்பா, அரியர்னா என்னப்பா?” என்றாள். நான் தாலுகா ஆபீஸ் வாசலில் இருப்பவன். எனக்குத் தெரிந்த அரியர் அகவிலைப்படி அரியர்தான். அது வந்த அன்று ஊழியர்கள் எனக்கும் ஒரு ஜாங்கிரி கொடுப்பார்கள். “நல்லதும்மா, நமக்கு வரவேண்டியது மொத்தமா சேர்ந்து வரும்” என்றேன். பிள்ளை சந்தோஷமாகத் தூங்கப் போனாள்.

இன்னொரு நாள் ‘கண்டொனேஷன்’ என்று கேட்டாள். எனக்கு வயிறு கலங்கியது. கட்டிய பணம் போக இன்னொரு டொனேஷனா என்று அவள் அம்மா தாலிச் செயினைத் தடவிப் பார்த்தாள். கிரெடிட் என்றால் மளிகைக் கடைக் கணக்கு என்றும் இன்டர்னல் என்றால் ஏதோ உள்நோய் என்றும் எங்கள் வீட்டு அகராதி சொல்லியது.

சிரிக்கலாம் ஐயா. ஆனால் ஒரு தாளைத் தங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். 2010இல் முதல் பட்டதாரி சலுகை வந்ததிலிருந்து அந்த விண்ணப்பங்களை நூற்றுக்கணக்கில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்பா வழித் தாத்தா, பாட்டி, அம்மா வழித் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் படிப்பைப் போட வேண்டும். போன வருடம் வரை ஊரார் வீட்டுக்குப் போட்டேன். இந்த வருடம் என் வீட்டுக்கு: கையெழுத்துப் போடத் தெரியாது, தெரியாது, மூன்றாவது, தெரியாது, பத்தாவது, எட்டாவது. அதன் மேல் அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்தது. அந்தச் சான்றிதழைத் தங்கள் அலுவலகம் கட்டணச் சலுகைக்கான காகிதம் என்று வாங்கி ஃபைலில் போட்டது. அதில் எழுதியிருப்பது வேறு ஐயா. ‘இந்தப் பிள்ளை வீட்டில் போய்க் கேட்க ஆள் கிடையாது’ என்பதற்கு அரசாங்கமே கொடுத்த எழுத்து அது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அரியர் என்றால் என்னவென்று அக்கா சொல்லியிருப்பாள். அந்த மூன்று வாரம் அக்கா இல்லாத பிள்ளைக்காகப் போட்டது.

இன்னொன்று. சேர்க்கை நாளில் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி என்று மாணவரிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கினீர்கள். பதினோரு கையெழுத்துகளில் ஏழாவது அது. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டபோது நானும் இளைஞன். மறு வருடமே தமிழ்நாடு ராகிங்கைத் தடை செய்து சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் பின்னால் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது. விழா மேடையில் அதற்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: “நம் கல்லூரியில் ராகிங் அறவே கிடையாது.” நல்லது. ஒருவேளை இருந்தால்? எந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது? 1800-180-5522 என்று தேசிய அளவில் ஓர் இலவச எண் இருக்கிறது. செல்போன் அபராதம் சொன்ன வாயால் அதையும் சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருட அனுபவத்தில் சொல்கிறேன்: யாரிடம் கொடுப்பது என்று தெரியாத குறைக்குத்தான் ஜனங்கள் தலைவிதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் என் மகளுக்கு அறிமுக விழா நடக்கத்தான் செய்தது. இடம்: தங்கள் கேட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை. லேப் மேனுவல் நகலெடுக்கப் போனவளிடம் கடைக்கார அண்ணன் கேட்டிருக்கிறார்: “எந்த டிபார்ட்மென்ட் பாப்பா? பேர் என்ன?” பெயரைக் கேட்டுவிட்டார், கவனிக்கவும். “அப்சர்வேஷன் வேற, ரெக்கார்டு வேற. அப்சர்வேஷன்ல மேடம்கிட்ட கையெழுத்து வாங்கினப்புறம்தான் ரெக்கார்டுல ஏத்தணும். தியரி பேப்பர்ல நூத்துக்கு 40 இன்டர்னல், 60 செமஸ்டர் பரீட்சை. அட்டெண்டன்ஸ் 75க்குக் கீழ விட்டுடாத. உடம்பு சரியில்லாம குறைஞ்சா டாக்டர் சர்டிபிகேட்டோட போய்க் கேக்கணும், அதுதான் கண்டொனேஷன். அரியர்னா ஃபெயிலான பேப்பர், அடுத்த தடவை சேர்த்து எழுதி முடிக்கணும். பயப்படாத, எழுதிடலாம்.” மெஷினில் இருபது பக்கம் ஓடி முடிவதற்குள் எல்லாம் சொல்லிவிட்டார். விளக்கு இல்லை, பொன்னாடை இல்லை, கழுகு இல்லை. பக்கத்துக்கு ஒரு ரூபாய்.

அன்று ராத்திரி வந்து, “அப்பா, அரியர் வந்தா ஜாங்கிரி தரமாட்டாங்கப்பா” என்றாள்.

எனவே சமூகம் தாளாளர் அவர்கள் கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. மூன்று வாரத்தில் தாங்கள் தந்த மூன்று மணி நேரத்தைக் கழித்து மீதியை வழங்க வேண்டும். தவணையாகக் கொடுத்தாலும் சம்மதம். அதுவும் அரியர்தான், எனக்குத் தெரிந்த அர்த்தத்தில்.

2. இருபது பேருக்கு ஓர் ஆசிரியரை நியமிக்கும் வரை, ஜெராக்ஸ் கடை அண்ணனைப் பொறுப்பு ஒருங்கிணைப்பாளராக அறிவித்து, மிச்சமிருக்கும் பொன்னாடைகளில் ஒன்றை அவருக்குப் போர்த்த வேண்டும்.

3. டிரோனைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். ஆள் முகம் தெரிகிற உயரம் போதும்.

இதற்கு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘ஆவன செய்யுமாறு’ என்று ஆயிரக்கணக்கில் எழுதியவன் நான். எது ஆகும், எது ஆகாது என்று எனக்கும் ஓரளவு தெரியும். ஆகவே ஒரு காரியம் நானே செய்துவிட்டேன், விவரம் இணைப்பில்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதுபவர்.

இணைப்பு: ‘கல்லூரிச் சொற்களும் பொருளும்’, 2 பக்கம். ஜெராக்ஸ் கடை அண்ணன் சொல்ல, என் மகள் எழுத, நான் திருத்தியது. முதல் வரியில் அந்த இலவச எண் இருக்கிறது.

நகல்: புளியமரத்தடி மேசையில், கல்லுக்கு அடியில். முதல் பட்டதாரி விண்ணப்பம் எழுத வருகிறவர்களுக்கு அதோடு சேர்த்துக் கொடுக்கப்படும். கட்டணம் இல்லை.