ஐரோப்பிய ஒற்றுமைக்கு ஒரு வாழ்த்து

அகதிகள் விஷயத்தில் ஐரோப்பிய அரசுகளுக்குள் ஒற்றுமை இல்லை என்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். கைகோத்து அவை செய்து முடித்ததை ஒருவராவது வாயாரப் புகழ வேண்டாமா?

2013 அக்டோபரில் இத்தாலியின் லம்பேதுசா தீவருகே 368 பேர் கடலில் மாண்டார்கள். இத்தாலி தன்னந்தனியாக மீட்புக் கப்பல்களை இறக்கியது. மாதம் சுமார் 90 லட்சம் யூரோ செலவில், ஓராண்டில் லட்சம் பேருக்கு மேல் கரைசேர்த்தது. ஒரே நாடு இவ்வளவு பாரம் சுமப்பதா என்று மற்ற நாடுகள் இரங்கின. அடுத்து வந்த கூட்டு ரோந்துக்கு அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிப் பாரத்தைக் குறைத்தன. என்ன சிக்கனம்!

இத்தாலி, கிரீஸிலிருந்து 1,60,000 பேரைப் பகிர்ந்துகொள்வதாக 2015-இல் முடிவெடுத்தார்கள். இரண்டாண்டுக் கெடு முடிந்தபின் பார்த்தால் சுமார் 35,000 பேர்தான் இடம் மாறியிருந்தார்கள். செக் குடியரசு 12 பேரை ஏற்றது. ஹங்கேரியும் போலந்தும் ஒருவரையும் ஏற்கவில்லை. இந்தத் தர்மசங்கடம் இனி யாருக்கும் வரக்கூடாதே! ஆளை ஏற்க மனமில்லாத நாடு தலைக்கு 20,000 யூரோ கட்டலாம் என்று 2024 குடியேற்ற உடன்படிக்கையில் வழிசெய்துவிட்டார்கள்.

அவர்களுடைய கண்காணிப்புக்கு ஈடு கிடையாது. 2023 ஜூன் 13 அன்று, கிரீஸின் பைலோஸுக்கு அப்பால் ஏறத்தாழ 750 பேருடன் ஒரு பழைய மீன்பிடிப் படகு. ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பான ஃபிரான்டெக்ஸின் விமானம் பகலிலேயே அதைப் பார்த்துவிட்டது. கிரேக்கக் கடலோரக் காவல்படை எடுத்த படத்தில் மேல்தளம் முழுக்கத் தலைகள். கால் வைக்க இடமில்லை. பெண்களும் குழந்தைகளும் அடித்தளத்தில் இருந்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். விடிவதற்குள் படகு மூழ்கியது. பிழைத்த 104 பேரில் ஒரு பெண்கூட இல்லை.

இந்த அரசுகளிடம் இரக்கச் சட்டம் இல்லாமலும் இல்லை. கூட்டமாகத் தப்பி வருபவர்களுக்கு உடனடிப் பாதுகாப்பு தரும் சட்டத்தை 2001-லேயே இயற்றினார்கள். சிரியா எரிந்தபோதும் அதில் ஒரு கீறல் விழாமல் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் 4-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தங்குமிடம், வேலை, பள்ளி, வைத்தியம் எல்லாம் 40 லட்சம் பேருக்குக் கிடைத்தன. இதை மட்டும் வஞ்சமில்லாமல் புகழ்கிறேன்.

எட்டே நாளில் இதைச் செய்யத் தெரிந்த அரசுகளே, சூடானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வருகிறவர்களுக்கும் அதே சட்டத்தைத் திறந்துவிடுங்கள்.