புள்ளி வைத்த கள ஆய்வு: சைனிக்புரி தரவுகள்

செகந்திராபாத்தின் வடகிழக்கே இருக்கும் சைனிக்புரி, பெயரிலேயே பட்டாளத்தைச் சுமக்கிற ஊர். படைவீரர்களுக்காக எழுந்த காலனி. பக்கத்தில் வாயுபுரி, டிஃபென்ஸ் காலனி, கொஞ்சம் தள்ளி ஏ.எஸ். ராவ் நகர். வாசல் பலகைகளில் பெயருக்கு முன்னால் பதவியும் பின்னால் 'ஓய்வு' என்ற சொல்லும் இருக்கும். இந்த ஊர்த் தமிழர் மூவர் மாதம் ஒருமுறை நகரத்து காக்டெயில் பார் ஒன்றுக்குப் போய் மதிப்பெண் போட்டு வருகிறார்கள். ஒருவர் விமானப்படையில் ஓய்வு பெற்றவர், ஒருவர் வேதியியல் பேராசிரியர், மூன்றாமவர் மென்பொருள்காரர். இது முறையான கள ஆய்வு என்பது அவர்கள் வாதம். 'கள' என்பதன் கடைசி எழுத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் விஷயம் விளங்கிவிடும் என்பது வீட்டார் வாதம்.

முன்னோர் ஆய்வுகளைச் சொல்லாமல் எந்த ஆய்வும் தொடங்கக் கூடாது. தொல்காப்பியம் வெட்சித் திணையில் 'உண்டாட்டு' என்று ஒரு துறையையே ஒதுக்கியிருக்கிறது. ஆநிரை கவர்ந்து வந்த வீரர்கள் கூடிக் குடித்துக் களிப்பது அது. கவனிக்க வேண்டியது வரிசை. கவர்ந்ததைப் பங்கு பிரிக்கும் 'பாதீடு' முதலில், உண்டாட்டு அதற்குப் பிறகு. நம் மூவரோ முதலில் உண்டாட்டு, பாதீடு பில் வந்த பின்தான். மூவருக்குள் சண்டை எதனால் வருகிறது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. யவனர் கொண்டுவந்த மதுவை அருந்தி இனிது வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்திப் பாடியிருக்கிறார். மதிப்பெண் மட்டும் போடவில்லை.

தெலுங்கு மண்ணுக்கும் இதில் பங்குண்டு. காக்டெயிலின் மூத்த அண்ணன் 'பஞ்ச்'. ஐந்து என்னும் பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகப் பலர் கருதுகிறார்கள். அச்சொல் எழுத்தில் முதன்முதலாகத் தட்டுப்படுவது 1632இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவர் பெட்டபொலியில் இருந்த இன்னொருவருக்கு எழுதிய கடிதத்தில். பெட்டபொலி என்பது இன்றைய நிஜாம்பட்டினம். அன்று அது கோல்கொண்டா அரசின் துறைமுகம். ஆக, ஹைதராபாத்தை ஆண்டவர்களின் கடற்கரைக்குத்தான் பஞ்ச் தபாலில் வந்து சேர்ந்திருக்கிறது.

'காக்டெயில்' என்றால் என்ன என்பதற்கு 1806இல் நியூயார்க் மாகாணத்து ஹட்சன் ஊர்ப் பத்திரிகை ஒன்று விடை சொன்னது: ஏதேனும் ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு. மூன்றாவதைப் பாருங்கள். பார்டெண்டர் ஷேக்கரைக் குலுக்கும்போது நடப்பது வெறும் குளிரூட்டல் இல்லை. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை மதுவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பதிலுக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போகிறது ஐஸ். எலுமிச்சை போட்டுக் குலுக்கி ஊற்றிய கிளாஸில் கால் பங்காவது ஐஸ் உருகிய தண்ணீர்தான். பேராசிரியர் இதை ஒவ்வொரு பாரிலும் ஒவ்வொரு பார்டெண்டரிடமும் விளக்குவார். மதுவுக்குத் 'தண்ணி' என்று பெயர் வைத்த தமிழன் வேதியியல் தெரிந்தவன் என்பது அவர் முடிவு. ஐஸைக் குறைத்தால் சீக்கிரம் உருகி மேலும் தண்ணியாகும். அதனால் "ஐஸ் கம்மியா போடுங்க, ஏமாத்துறீங்க" என்கிற வாடிக்கையாளர் தன் காசைத் தானே கரைத்துக்கொள்கிறார்.

அடுத்து, ஒப்பீட்டுக் குழு. எந்தச் சோதனைக்கும் மருந்து கொடுக்காத ஒரு குழு வேண்டும் அல்லவா? இங்கே அது விமானப்படைக்காரரின் வராந்தா. பிரம்பு நாற்காலி, ராணுவ கேன்டீனில் வாங்கிய ரம், சொம்பில் தண்ணீர், வறுத்த வேர்க்கடலை. நகரத்தின் எந்த காக்டெயிலையும் அவர் இந்த வராந்தாவோடுதான் ஒப்பிடுவார். மெனு வந்ததும் வலது ஓரத்து விலையைத்தான் முதலில் படிப்பார். "இந்தக் காசுக்குக் கேன்டீன்ல ஒரு ஃபுல்லே வாங்கலாம்" என்பார். "சார், கேன்டீன் கணக்கு இங்க வேண்டாம் சார்" என்று மென்பொருள்காரர் கெஞ்சுவார். முதல் சுற்று வருவதற்குள்ளேயே தரவு கெட்டுவிடும்.

மதிப்பெண் பத்துக்கு. சேகரித்த எண்களில் வியப்பூட்டும் ஒற்றுமை: எல்லா பாருக்கும் ஏழரை. எட்டுக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை, ஏழுக்குக் கீழே போட்டால் இவ்வளவு தூரம் வந்தது வீண். ஏழரை வேறு எதற்கெல்லாம் பெயர் என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே எண்ணைக் கைவிட்டு வரிசைக்கு வந்தார்கள். ஜூபிலி ஹில்ஸில் ஒன்று, பஞ்சாரா ஹில்ஸில் ஒன்று, சைனிக்புரியிலேயே ஒன்று. பேராசிரியருக்குச் சுவை முக்கியம்: ஜூபிலி, பஞ்சாரா, சைனிக்புரி. மென்பொருள்காரருக்குப் படத்தில் முகம் தெரியும் வெளிச்சம் வேண்டும்: பஞ்சாரா, சைனிக்புரி, ஜூபிலி. விமானப்படைக்காரருக்கு நடந்தே வீடு திரும்ப வேண்டும்: சைனிக்புரி, பிறகு கழிப்பறை சுத்தமாக இருந்த ஜூபிலி, கடைசியாக பஞ்சாரா. ஓட்டெடுத்தால் பஞ்சாராவை ஜூபிலி இரண்டுக்கு ஒன்றில் வெல்கிறது. சைனிக்புரியை பஞ்சாரா வெல்கிறது. ஜூபிலியைச் சைனிக்புரி வெல்கிறது. பெரும்பான்மை இப்படி வட்டமடிக்கும் என்று 1785இலேயே எழுதிவைத்தார் பிரெஞ்சுக்காரர் கோந்தோர்செ, அதுவும் குடிக்காமல் போட்ட ஓட்டுக்கு. முதலிடத்துக்கு 2, அடுத்ததற்கு 1, கடைசிக்கு 0 என்று போர்தா முறையில் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று பாருக்கும் தலா 3. போர்தாவும் கடற்படை அதிகாரியாக இருந்தவர் என்பது விமானப்படைக்காரருக்கு மட்டும் ஆறுதல்.

மிஞ்சியது குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் முறை: ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. குலுக்குவதில் மூவருக்கும் நல்ல பயிற்சி உண்டு. குடத்துக்குப் பதில் ஐஸ் பக்கெட், ஓலைக்குப் பதில் டிஷ்யூ பேப்பர். சிறுவன்தான் கிடைக்கவில்லை. தெலங்கானாவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது கிடையாது. இதைவிடப் பெரிய இடைஞ்சல் கல்வெட்டிலேயே இருந்தது. பெரும்பாவம் செய்தவர்களுக்குக் குடவோலையில் இடமில்லை, அந்தப் பாவங்களில் ஒன்று மது அருந்துவது.

நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. ஆகவே வெளியே ஒரு கேப் காத்திருந்தது. அன்றிரவு அந்தக் கூட்டத்தில் பாவம் செய்யாத ஒரே ஆள் அதன் டிரைவர்தான். அவரை உள்ளே அழைத்துச் சீட்டை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார், பிரித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மை கரைந்து எழுத்தே தெரியவில்லை. தண்ணி.