காதைத் தீட்டும், மருமவனே!

வாரும் மருமவனே. பழைய அம்பாசடர் வாங்கியிருக்கீராமே. யாரும் சொல்லவே வேண்டாம், நீரு தெருமுக்கு திரும்பும்போதே எங்க அடுக்களை வரைக்கும் கேக்குதே. அந்தச் சத்தத்தைச் செல்போன்ல புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பி வச்சீராம். ஒருத்தன் டேப்பெட்டுன்னான், அதுக்கும் செலவழிச்சாச்சு. இன்னொருத்தன் கார்புரேட்டர்னான், அதுக்கும் அழுதாச்சு. காசு உம்மது, நான் ஏன் கேக்கப்போறேன்? 2014-ல இந்த வண்டியைச் செஞ்ச உத்தர்பாரா பேக்டரியையும் மூடிட்டான், அங்க போயும் கேக்க முடியாது.

பானெட்டைத் தூக்கும். இது மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளயே படுத்துக் கெடக்கு. கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா அது ஒரு சுத்து. ரெண்டையும் இழுத்துப் புடிச்சு வச்சிருக்கது முன்பக்கத் தகர மூடிக்குள்ள ஓடுற டைமிங் செயின். பொண்ணு கொடுத்த மாமனார் மாதிரி, உயிரோட இருக்கான்னு சத்தம் போட்டாத்தான் தெரியும்.

நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு எடுத்து, முனையை அந்த மூடியில வச்சு, பிடியைக் காதோட ஒட்டிக் கேளும். குனியுறதுக்கு முன்னால கழுத்துல தொங்குற கம்பெனி அட்டையைக் கழட்டும். ஃபேன் அதை இழுத்துச்சுன்னா உம்மையும் சேத்துத்தான் இழுக்கும். டேப்பெட் சத்தம் மேல, ராக்கர் கவர்ல டிக்டிக்குன்னு அளந்து அடிக்கும். செயின் அப்படியில்ல. முன்னால, கீழ, கறகறன்னு இழுக்கும். காலையில செல்ப் அடிச்சதும் ஒரு ஆட்டம் போடும். ரேஸ் கொடுத்தா அடங்கும், விட்டதும் திரும்ப ஆரம்பிக்கும். சந்தேகம்னா ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு அரை நிமிசம் ஓடவிட்டுப் பாரும். சத்தம் போயிருச்சுன்னா தண்ணி பம்போ டைனமோவோ செய்யுற வேலை.

அதுக்கும் திருப்தி இல்லையா? சாவியை உருவிப் பையில போடும். ப்ளக்கு நாலையும் கழட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கும். கிராங்க் புல்லியில சாக்பீஸால ஒரு கோடு. டாப் கியர்ல வண்டியைக் கொஞ்சம் முன்னால தள்ளி நிப்பாட்டும், ரோட்டர் சுத்தும். இப்போ பைய பின்னால தள்ளும். புல்லி திரும்பும், ஆனா ரோட்டர் உம்மை மாதிரியே யோசிச்சுக்கிட்டு நிக்கும். அது அசையறதுக்குள்ள புல்லி எவ்வளவு நகந்துச்சோ, அதுதான் தொய்வு. அஞ்சு டிகிரிக்குள்ளன்னா மூடிட்டுப் போய்ச் சாப்பிடும். பத்தைத் தாண்டிட்டா பிரிக்க வேண்டியதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் பல்லோட தேய்மானமும் இதுல கொஞ்சம் கலந்திருக்கும், அதனால ஒண்ணு ரெண்டு டிகிரிக்கு என்கிட்ட மல்லுக்கு வராதேயும். ரோட்டரைக் கையால ஆட்டியும் பாக்காதேயும், அது ஸ்பிரிங்ல நிக்குது.

மாசத்துக்கு ரெண்டு தடவை பாயிண்ட்டு வச்சும் டைமிங் ஏன் நிக்கலன்னு இப்போ புரியுதா? டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்துறதே அந்தக் கேம் ஷாஃப்ட்தானே. செயின் தொஞ்சா வால்வும் பிந்தும், ஸ்பார்க்கும் பிந்தும். டைமிங் லைட்டு அடிச்சா கோடு ஒரு இடத்துல நிக்காம ஆடும். ஏத்தத்துல வண்டி முனங்கும், நீரு பெட்ரோல்ல கலப்படம்னு பங்க்காரனை வைவீரு.

சிக்கனம்னு செயினை மட்டும் வாங்கிட்டு வந்துராதேயும். தேஞ்ச பல்லுல புதுச் செயினைப் போட்டா அதையும் தின்னுரும். ரெண்டு பல்சக்கரம், டென்ஷனர், மூடியோட ஆயில் சீல் எல்லாம் சேத்தே மாத்தும். மாட்டும்போது ரெண்டு சக்கரத்துப் புள்ளியும் ஒண்ணையொண்ணு நேரா பாக்கணும்.

ஞாயித்துக்கிழமை வாரும். வண்டியை நீரு தள்ளும், ரோட்டரை நான் பாத்துக்கிடுதேன்.