இன்னும் சற்று நேரத்தில்…

அண்ணன் மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார் என்றால், அனுபவப்பட்ட மாடு பேசாமல் அசைபோட ஆரம்பித்துவிடும். புது மாடுதான் காதை விடைத்துக்கொண்டு நிற்கும். நோட்டீஸில் ‘காலை 7 மணிக்கு’ என்று போட்டிருப்பதை நம்பி, கூடலூரிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் இருட்டோடு கிளம்பி மினி லாரியில் வந்து இறங்கியிருக்கின்றன. வண்டி பூட்டியாயிற்று. சாரதிகள் தலைத்துண்டை இறுக்கியாயிற்று. கொடியசைக்க வந்த பெரிய மனிதர் கொடியை உயர்த்திப் பிடித்து போட்டோவும் எடுத்தாயிற்று.

“இன்னும் சற்று நேரத்தில்…” என்கிறார் அண்ணன்.

கொடி இறங்கிவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டு வண்டிப் பந்தயம் நடத்துகிற எந்தக் கமிட்டியிலும் இவர் உண்டு. தலைவர் மாறுவார், பொருளாளர் வரவு செலவுத் தகராறில் கோபித்துக்கொண்டு விலகுவார், இவர் மட்டும் மாறமாட்டார். நோட்டீஸில் ‘விழாக் குழுவினர்’ பகுதியில் கடைசிக்கு முந்திய வரியில் இவர் பேர் இருக்கும். சொந்தமாக மாடு கிடையாது. வண்டி கிடையாது. மூக்கணாங்கயிறு பிடித்துப் பழக்கமும் கிடையாது. மைக் மட்டும் இவருடையது. அதற்கு வாடகை கமிட்டி கொடுக்கிறது என்பது வேறு விஷயம்.

மைக் அணைந்திருக்கும்போது அண்ணன் நம்மைப் போலத்தான் பேசுவார். “யேய், அந்த டெம்போவ அங்கிட்டு எடுங்கடா, நட்டநடு ரோட்டுல கொண்டாந்து நிறுத்திருக்கான் பாரு” என்பார். பொத்தானை அழுத்தியதும் வேறு ஆள் பேசுகிற மாதிரி இருக்கும். “டி.என். 60 என்று தொடங்கும் நான்கு சக்கர வாகனத்தின் அன்புக்குரிய உரிமையாளர் எங்கிருந்தாலும் விழா மேடைக்கு அருகில் வந்து ஒத்துழைப்பு நல்குமாறு…” தேனி மாவட்டத்து வண்டி எல்லாமே டி.என். 60 என்று தொடங்குவதால் நாலைந்து பேர் எழுந்து ஓடுவார்கள்.

பிறகு பட்டியல் தொடங்கும்.

முதல் பரிசுத் தொகையை வழங்குகிறவர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். அவர் பேர் சொன்னால் போதாது. தகப்பனார் நினைவாக வழங்குகிறார், ஆகவே தகப்பனார் பேர். தகப்பனார் அந்தக் காலத்தில் பந்தய மாடு வைத்திருந்தவர், ஆகவே அந்த மாடு. இரண்டாம் பரிசு சின்னமனூர் வாழைக்காய் மண்டி. மூன்றாம் பரிசு திராட்சைத் தோட்டத்துக்காரர். அவரைச் சொல்லும்போது பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு ஒரு கைதட்டல். சாரதிகளுக்குத் துண்டு உபயம், கோப்பை உபயம், மோர்ப் பந்தல் உபயம், பந்தலுக்குத் தண்ணீர் லாரி உபயம். லாரிக்கு டீசல் போட்டவரும் அடுத்த வரியில் இருப்பார்.

இதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். பட்டியலின் வாலுக்கு வந்து, சாரதி கயிற்றைச் சுருட்டிப் பிடித்து, மாட்டின் முதுகு லேசாகச் சிலிர்க்கிற நேரத்தில் கூட்டத்தில் ஒரு சலசலப்பு கேட்கும். வெள்ளை வேட்டி ஒருவர் காரிலிருந்து இறங்குவார். “இதோ… இதோ வந்துவிட்டார்!” என்று அண்ணன் குரல் உயரும். வந்தவர் ஊராட்சியில் எப்போதோ பொறுப்பில் இருந்தவரின் மைத்துனர். அவருக்குத் துண்டு போட வேண்டும். துண்டைக் காணோம், தேட வேண்டும். போட்டபின் அவர் முன்னிலையில் நன்கொடையாளர்களைக் கௌரவிப்பதுதானே முறை? ஆகவே முதல் பரிசு, போடி, ஏலக்காய், தகப்பனார், மாடு.

கம்பத்து மாட்டு வண்டிக்குப் பின்னோக்கிப் போகத் தெரியாது. அண்ணனின் பட்டியலுக்குத் தெரியும்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பந்தயத்துக்கு டிக்கெட் கிடையாது. ரோட்டோரம் நிற்கிற யாரும் பத்துப் பைசா தர வேண்டியதில்லை. பரிசுப் பணம், பந்தல், மாட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு எல்லாமே ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கமிட்டிக்காரர்கள் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்தது. கொடுத்தவர் கேட்கிற ஒரே பலன், தன் பேர் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்பது. ஒரு பேர் விட்டுப்போனால் அடுத்த வருஷ நன்கொடை போயிற்று. அதோடு இரண்டு குடும்பத்துக்குப் பேச்சுவார்த்தையும் போயிற்று. அண்ணன் கையிலிருக்கிற அந்தக் கசங்கிய தாள்தான் கமிட்டியின் கஜானா. இது எனக்கும் தெரியும். தெரிந்தும் எரிச்சல் வருகிறது.

ஏனென்றால் இது ஒரு தடவையோடு முடிவதில்லை. வயசும் வளர்த்தியும் பார்த்து மாடுகளைப் பிரிக்கிறார்கள்: தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான்சிட்டு, நடுமாடு, பெரியமாடு. பேர் வைத்தவன் ரசனைக்காரன். பொடிக் கன்றுகளுக்குத் தும்பியும் குருவியுமாகப் பேர் கொடுத்துவிட்டு, வளர்ந்ததும் வெறும் ‘மாடு’ என்று சொல்லிவிட்டான். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பரிசு, தனி உபயம், தனிப் பட்டியல். இது நடுமாடா பெரியமாடா என்று அளந்து பார்க்கிற சண்டை ஒன்று இடையில் வரும். அந்த நேரத்தை வீணாக்காமல் அண்ணன் முந்திய பிரிவின் பட்டியலை இன்னொரு தரம் வாசித்துவிடுவார்.

சனவரி 15 பந்தயம் என்றால் இன்னும் விசேஷம். அன்று முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக் பிறந்த நாள். 1841-இல் அவர் பிறந்ததிலிருந்து அண்ணன் தொடங்குவார். அந்த அணைக்கு 1887-இல் வேலை தொடங்கி 1895-இல் திறந்தார்கள். எட்டு வருஷத்தையும் வருஷ வாரியாகச் சொல்வார். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போன கட்டத்தில் குரல் தழுதழுக்கும். சீமையில் சொத்தை விற்று வந்து அணையைக் கட்டினார் என்கிற கதையும் உண்டு. அதற்கு ஆவணம் கேட்டால் அடி விழும். பள்ளத்தாக்கின் இருபோகப் பாசனம் 14,707 ஏக்கர் என்று புள்ளிவிவரம் சொல்லி முடிக்கும்போது, அந்தத் தண்ணீரில் ஒரு குடம் நமக்குக் கிடைத்தால் தேவலை என்று மாடுகள் நிற்கும்.

இத்தனை காத்திருப்பு இல்லாமலும் பந்தயத்தைத் தொடங்கலாம். சென்னைத் துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்று ஒன்று இருக்கிறது. 1911-இல் தொடங்கியது, பாய்மரப் படகுப் பந்தயம் விடுகிறவர்கள். அதுவும் உறுப்பினர்களே சேர்ந்து நடத்துகிற சங்கம்தான். பாய்மரப் பந்தயத்தில் எப்படித் தொடங்குகிறார்கள் தெரியுமா? ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும். நாலு நிமிஷம் இருக்கும்போது இன்னொன்று ஏறும். ஒரு நிமிஷம் இருக்கும்போது அந்த இரண்டாவது கொடி இறங்கும். நேரம் முடிந்ததும் முதல் கொடி இறங்கும், படகுகள் கிளம்பிவிடும். முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியவன் திரும்பி வந்து மறுபடி தாண்ட வேண்டும். கொடியோடு கூட ஒரு சத்தமும் கொடுப்பார்கள். ஆனால் சத்தம் வரவில்லை என்றாலும் பாதகமில்லை, கொடிதான் கணக்கு என்று உலகப் பொது விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகமொத்தம் ஐந்து நிமிஷம். மைக்கே தேவையில்லாத பந்தயம்.

காற்றுக்கு நமக்கும் குறைச்சல் இல்லை, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்தாலே தெரியும். கடல்தான் இல்லை. இதையெல்லாம் அண்ணனிடம் ஒரு டீக்கடையில் வைத்து எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கிளாசைக் கீழே வைத்தார்.

“அஞ்சு நிமிசத்துல வண்டிய விட்டுட்டா, அப்புறம் சனம் எதுக்குண்ணே அங்க வந்து நிக்கிது?”

எனக்குப் பதில் தோன்றவில்லை.

ஒருவழியாக வண்டிகள் கிளம்பிவிட்டால் அண்ணனுக்கு இன்னொரு சோதனை. பந்தயம் ரோட்டில் நடக்கிறது. ஊருக்கு ஊர் எல்லை மாறும். பெரியமாடு என்றால் நாலைந்து கிலோமீட்டர் போய் எல்லையைச் சுற்றி வர வேண்டியிருக்கும். முதல் திருப்பத்திலேயே வண்டிகள் கண்ணைவிட்டு மறைந்துவிடும். அப்புறம் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு மேடைக்கு முன்னால் வெறும் தார் ரோடும் சாணியும்தான். அண்ணன் ஒரு காதில் செல்போனை வைத்துக்கொள்வார், வாயருகே மைக். எல்லையில் நிற்கிற பையன் சொல்லச் சொல்ல இவர் ஒலிபரப்ப வேண்டும். சிக்னல் போய்விடும். ஆனால் அண்ணனின் வர்ணனை நிற்காது. “பறக்கிறது! பாய்கிறது! கோம்பைக் காளை ஒரு முழம் முன்னே… இல்லை இல்லை, உத்தமபாளையம்!” என்று தானே ஒரு பந்தயம் விடுவார். கொஞ்ச நேரத்தில் நிஜ வண்டிகள் வந்து சேரும்போது முதலில் வருவது வேறு ஊர் வண்டியாக இருக்கும். அதற்கும் அவரிடம் பதில் உண்டு. “எதிர்பாராத திருப்பம்!”

இந்த இடத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிடும். துரத்திக்கொண்டு வருகிற பைக்குகளின் புழுதிக்குள் தெரிகிற மாட்டின் நெற்றியை மட்டும் பார்த்து அது யார் வீட்டு மாடு, எந்தச் சந்தையில் பிடித்தது, போன வருஷம் எங்கே எத்தனாவது வந்தது என்று தாளைப் பார்க்காமல் சொல்வார். அவ்வளவும் நிஜம். காணாமல் போன பிள்ளையையும் அப்படித்தான். “சிவப்புச் சட்டை போட்ட சிறுவன்” என்று மற்றவர்கள் கத்துவார்கள். இவர் பையனின் மூக்கைப் பார்த்தே வம்சத்தைக் கண்டுபிடித்து, “மாமா, ஒங்க பேரன் இங்கன நிக்கிறான், வெரசா வாங்க” என்று நேராக ஆளையே அழைத்துவிடுவார். மைக்கில் அவர் வாய் தவறிப் பேச்சுத் தமிழ் பேசுவது அப்போது மட்டும்தான்.

2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்துக்கும் சேர்த்துத் தடை போட்டபோது அவர் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். தடை நீங்கும்வரை காதுகுத்து வீடுகளில் மொய் வாசித்துக் காலத்தை ஓட்டினார். அதுவும் பட்டியல்தான். என்றாலும் ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று சுருதியில்லாமல் வாசிப்பார். கேட்கப் பாவமாக இருக்கும்.

அந்தத் தீர்ப்பை அண்ணன் மேடையில் திட்டாத நாள் கிடையாது. நானும் கூடச் சேர்ந்து திட்டியவன்தான். ஆனால் அதில் விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. முதலாவது, பசியிலிருந்தும் தாகத்திலிருந்தும் விடுதலை. வைகாசிப் பந்தயத்தில் கடைசியாக விடுகிற பிரிவு கிளம்பும்போது உச்சி வெயில் வந்துவிடுகிறது. தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. வாயில் நுரை தள்ள மாடுகள் நுகத்தடியில் காத்து நிற்கின்றன. ஓடிக் களைத்த மாடு அல்ல, ஓடாமலே களைத்த மாடு. சாட்டையடியைப் பற்றி ஊரெல்லாம் பேசியாயிற்று. இந்த நிற்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாய் திறந்து கேட்ட ஒரு மாட்டுக்காரரிடம், “மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று, மோர்ப் பந்தல் உபயதாரரை மறந்துவிடாதீர்கள்” என்று மைக்கிலேயே பதில் வந்தது. மறித்த ரோட்டில் குமுளி பஸ் நிற்கிறது. அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவி இருப்பாள், கைக்குழந்தைக்காரி இருப்பாள். அவர்களுக்கும் அதே “சற்று நேரம்”தான். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

ஆகவே கமிட்டி அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு பேர்கூட விட வேண்டாம், டீசல் போட்டவர் உட்பட. வண்டியை முதலில் விடுங்கள். அவை கண்ணைவிட்டு மறைந்து எல்லை சுற்றி வருகிற இருபது நிமிஷம் அண்ணனிடம் சும்மாதானே கிடக்கிறது? அப்போது வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டமும் எங்கேயும் போகாது, யார் முதலில் வருகிறார்கள் என்று பார்க்க நின்றுதான் ஆக வேண்டும். இதைக் கமிட்டிக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். நான் போனால், பேச வருகிறவன் பேரை அறிவிக்கவே அண்ணன் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். நீங்கள் யாராவது போங்கள்.