மலை எந்தப் பக்கம்? கான்சாபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் குறித்து ஓர் ஆய்வு

விமானத்தில் ஜன்னலோரம் பிடிப்பது பெரிய வித்தையல்ல. ஆறு பேர் அமரும் வரிசையில் ஏ இடது ஓரம், எஃப் வலது ஓரம். இறக்கை மறைக்காத இடமாகப் பார்த்துக்கொண்டால் சரி. ஏடிஆர் 72இல் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் அந்தக் கவலையும் குறைவு. பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் தெற்கே போகிறவருக்கு மலை வலப்பக்கம். ஆனால் சைடு லோயர் எந்தப் பக்கம் வரும் என்பது பெட்டியைக் கோத்தவர் கையில். அறிஞர் உலகம் இத்தோடு கடையைக் கட்டிவிட்டது. ராஜபாளையத்தில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கான்சாபுரம் போகிறவரைப் பற்றிக் கவலைப்பட நாதியில்லை.

முதலில் புவியியல். பஸ் வடகிழக்கே கிருஷ்ணன்கோவில் வரை போகும்போது மேற்குத் தொடர்ச்சி மலை இடப்பக்கம் கூடவே வரும். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்குச் சரணாலயமாகி, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காடும் அங்கேதான். வலப்பக்கக்காரருக்கு ராஜபாளையத்துச் சஞ்சீவி மலை ஓர் ஆறுதல் பரிசு. அப்புறம் எதிரே வரும் லாரிகள்.

இங்கேதான் வில்லங்கம். டவுன் பஸ்களில் மகளிர் இருக்கைகள் பெரும்பாலும் இடப்பக்கம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டும் இலவசம். ஆக, அரசு ஓசைப்படாமல் மலையையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது. வலப்பக்கத்து ஆண் இடப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்துவிட்டு, "மலையைத்தாங்க பாக்குறேன்" என்றால் எந்தக் கண்டக்டரும் நம்பமாட்டார்.

அடுத்து உரிமைச் சட்டம். பஸ் நிற்பதற்குள் வெளியிலிருந்து துண்டு போடுவது தமிழ்நாடு முழுக்கச் செல்லுபடியாகும் பத்திரப்பதிவு. துண்டு ஜன்னல் வழியாகத்தான் உள்ளே விழும் என்பதால் முதலில் பதிவாவது ஜன்னலோரமே. எம்பிப் போட்டால் நடு இருக்கை. ரொம்ப எம்பினால் அடுத்தவர் மடி.

துண்டு போட்டவரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. இருக்கை வரிசையும் ஜன்னல் வரிசையும் ஒன்றையொன்று மதிப்பதில்லை. ஐந்து பேரோடு மல்லுக்கட்டிப் பிடித்த ஓரத்தில், கண்ணுக்கு நேரே இரண்டு ஜன்னல்களுக்கு இடைப்பட்ட தகரத் தூண் நிற்கும். அதில் யாரோ ஆணியால் கீறிய இதயம். பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில் முழங்கால் தாடையைத் தொடும். காட்சி முக்கியமென்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணன்கோவிலில் பஸ் வத்திராயிருப்புச் சாலைக்குத் திரும்பியதும் இதுவரை கண்ட முடிவுகள் ஆட்டம் காண்கின்றன. மலை மெல்ல முன்பக்கம் வருகிறது. 2025இல் இன்ஸ்டாகிராம் புண்ணியத்தில் ஊரெல்லாம் பேசிய கூமாபட்டியும் பிளவக்கல் அணைகளும் இருக்கும் மலையடிவாரம் இது. ஓர இருக்கைக்காரர் கழுத்தை வெளியே நீட்டினால்தான் உண்டு, கண்டக்டர் அதட்டுவார். இந்தத் தூரத்துக்கு உலகின் சிறந்த இருக்கை டிரைவருடையது. அவரோ மலையைப் பார்க்காமல் குறுக்கே வரும் ஆட்டைப் பார்க்கிறார், பார்க்கவும் வேண்டும்.

காலையில் கிழக்கு வெயில் நேராக மலைமேல் விழுவதால் மடிப்பு மடிப்பாகத் தெரியும். அந்த நேரம் இடப்பக்கத்தில் நிழலும் இலவசம். திரும்பி ராஜபாளையம் வரும்போது மலை வலப்பக்கம். ஆண்களுக்கு நியாயம் கிடைக்கும் நேரம். ஆனால் வேலை முடிந்து திரும்புவது சாயங்காலம். மேற்கு வெயில் நேரே மூஞ்சியில் அடிக்க, ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள்.